புள்ளி நாயும் தூய குருதியும்

தூய குருதி என்னும் சொல்லுக்கு மாந்தர் கொடுத்த விலையை நாம் அறிவோம். நாய்கள் கொடுத்த விலையை அறிந்தோர் சிலரே. வெண்மேனியில் கரும்புள்ளிகள் பூண்ட டால்மேஷியன் இனத்தின் கதை அதற்கு ஏற்றதொரு சான்றாகும்.

ஏனைய நாய்களின் உடல் யூரிக் அமிலத்தை, நீரில் எளிதிற் கரையும் அலண்டாயின் என்னும் பொருளாக மாற்றி வெளியேற்றும். டால்மேஷியனின் கல்லீரலிலும் அதற்குரிய நொதி உண்டு. ஆயின் அமிலத்தை உயிரணுவினுள் கொண்டு சேர்க்கும் புரதம் பழுதுற்றது. எனவே அமிலம் சிறுநீரிற் பெருகிச் சில நாய்களிடம் கல்லாகத் திரள்கிறது. ஆண் நாயின் குறுகிய சிறுநீர்ப் பாதையை அக்கல் அடைத்துவிடின் உயிருக்கே ஊறு நேரும். இனம் முழுவதிலும் இக்குறை ஊறிப்போயிருந்தமையால், இனத்திற்குள்ளேயே எத்துணை ஆராய்ந்து இணை சேர்ப்பினும் அதனை நீக்க வழியில்லை.

1973-இல் அமெரிக்க மரபியல் அறிஞர் இராபர்ட் ஷாய்பிள், பாயிண்டர் இன நாய் ஒன்றை டால்மேஷியனுடன் ஒரேயொரு முறை இணைத்தார். பழுதற்ற மரபணு ஒன்றிருப்பினும் அதுவே ஓங்கி நிற்கும். ஆதலின் தலைமுறைதோறும் குட்டிகளின் சிறுநீரை ஆய்ந்து, குறையற்றவற்றை மட்டும் மீண்டும் டால்மேஷியனோடு சேர்த்து வந்தார். 1981-இல் அமெரிக்கக் கென்னல் கிளப் ஐந்தாம் தலைமுறை நாய்கள் இரண்டினைப் பதிவும் செய்தது. டால்மேஷியன் வளர்ப்போர் சங்கத்தினர் எதிர்த்தனர், பதிவு நின்றது. குறையுள்ளது தூயது, குறை நீங்கியது கலப்பு! பழுதான மரபணு எதுவென்பது 2008-இல் தெளிவாயிற்று. 2011-இல்தான் அமெரிக்கக் கழகம் இந்நாய்களை ஏற்றது. கோப்புகளிடையே காலங்கழிக்கும் என் போன்றோர்க்கும் முப்பதாண்டு என்பது சற்று மிகையே. இன்று கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்தெடுத்த மாதிரியே இச்சோதனைக்குப் போதும்.

நம் இராசபாளையம் நாயை 2005-இல் அஞ்சல் தலையிற் கண்டு பூரித்தவர் பலர். அதன் பால்வெண்மையோடு செவிட்டுத்தன்மையும் சில குட்டிகளுக்கு வந்து சேர்கிறது. வெண்ணிற நாய்களின் உட்செவியில் நிறமி உயிரணுக்கள் இல்லாது போவதால் விளையும் கேடு இது. இரு செவியும் கேளாத குட்டியை வளர்ப்போர் எளிதில் அறிவர். ஒரு செவி மட்டும் பழுதானது அழைத்தால் ஓடிவரும். ஐயமின்றி அதனை இனப்பெருக்கத்திற்கும் விடுவர். செவியின் மின்னலைகளைப் பதிவு செய்யும் சோதனை ஒன்றே அதனைக் காட்டிக்கொடுக்கும். குட்டி பிறந்த ஐந்து வாரங்களுக்குப் பின் அதனைச் செய்யலாம். ஊரிலிருந்து குட்டி வருவிக்க விழையும் அன்பர்கள், தாய் தந்தை இரண்டிற்கும் அச்சோதனை நிகழ்ந்ததா என்பதை விலை பேசுமுன் வினவுதல் நன்று.