பார்த்து நின்றவரின் பாடம்: குச்சவெளி வகுப்பறையில் யூத இனப்படுகொலையும் சமூக ஊடகமும்

ஈவா ஹேமன் தன் பதின்மூன்றாவது பிறந்தநாளன்று, 1944 பெப்ரவரி 13இல், நாட்குறிப்பு எழுதத் தொடங்கினாள். அவளுடைய ஊர் அப்போது ஹங்கேரியின் ஆட்சியில் இருந்தது. இன்று ருமேனியாவில் ஒராடியா என்ற பெயரில் இருக்கிறது. மே 30ஆம் திகதியோடு குறிப்புகள் நின்றுபோகின்றன. அவுஷ்விட்ஸுக்குக் கொண்டுசெல்லப்பட்ட அவள் ஒக்டோபரில் கொல்லப்பட்டாள். எழுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், 2019 மே 1 மாலை, இஸ்ரேலியத் தொழிலதிபர் மத்தி கொகாவியும் அவருடைய மகள் மாயாவும் அந்த நாட்குறிப்பை ‘ஈவா.ஸ்டோரிஸ்’ என்ற இன்ஸ்டகிராம் கணக்காக வெளியிட்டனர். அவள் கையில் ஒரு கைத்தொலைபேசி இருந்திருந்தால் எதையெல்லாம் பதிவிட்டிருப்பாள் என்பதே அதன் கற்பனை. நடிகை ஒருவர் கமராவைப் பார்த்துப் பேசுகிறார், ஐஸ்கிரீம் சாப்பிடுகிறார், பின்பு ரயில் பெட்டிக்குள் ஏற்றப்படுகிறார். சில நாட்களுக்குள் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அக்கணக்கைப் பின்தொடர்ந்தனர்.

இளைஞருக்கு யூத இனப்படுகொலையைச் சமூக ஊடகம் வழியே கற்பிப்பது பற்றிய விவாதம் பெரும்பாலும் இந்த முயற்சியிலிருந்தே தொடங்குகிறது. ஆதரிப்போர் எண்ணிக்கையைக் காட்டுகின்றனர். எதிர்ப்போர் புனிதம் கெட்டதாகக் குறைப்படுகின்றனர். இவ்விரு வாதங்களும் எனக்கு முக்கியமாகப் படவில்லை. நாட்குறிப்பின் கையெழுத்துப் பிரதி இன்று நம்மிடம் இல்லை. போருக்குப் பின் அதைப் பதிப்பித்த தாய் ஆக்னெஸ் ஜோல்ட் அதில் எவ்வளவு திருத்தினார், எவ்வளவு சேர்த்தார் என்ற கேள்வியை ஹங்கேரிய ஆய்வாளர்கள் எழுப்பியிருக்கின்றனர். மகளை இழந்த ஒரு தாயின் கை அந்தப் பிரதிக்குள் இருக்கிறது. வரலாற்று மாணவருக்கு இதைவிடச் செறிவான பாடம் அரிது. இன்ஸ்டகிராம் கணக்கு அந்தக் கையை முழுவதுமாக மறைத்துவிட்டு, ஈவாவே நேரில் பேசுவதாக நம்பவைத்தது. 2021 மே முதல் 2022 பெப்ரவரி வரை ஜேர்மனியின் இரு பொது ஒலிபரப்பு நிறுவனங்கள், நாஸிகளை எதிர்த்து நின்ற சோஃபி ஷோலின் பெயரில் நடத்திய கணக்கிலும் இதே கோளாறு இருந்தது: ஆவணம் எங்கே முடிகிறது, புனைவு எங்கே தொடங்குகிறது என்பது பார்ப்பவருக்குத் தெரியவில்லை. இரண்டுமே பார்ப்பவரைப் பாதிக்கப்பட்டவரின், அல்லது எதிர்த்து நின்றவரின், இடத்தில் அமர்த்துகின்றன. கொலையாளியின் இடத்திலோ, கதவிடுக்கால் பார்த்துக்கொண்டிருந்த அயலவரின் இடத்திலோ எவரையும் அமர்த்துவதில்லை.

குச்சவெளிக்கு வேண்டியது அந்தக் கடைசி இடம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

குச்சவெளிப் பிரதேச செயலகப் பிரிவு திருகோணமலை நகருக்கு வடக்கே கரையோரமாக நீண்டு முல்லைத்தீவு எல்லையைத் தொடுகிறது. முஸ்லிம்கள் பெரும்பான்மை, அடுத்துத் தமிழர், சிறு தொகையினராகச் சிங்களவர். தென்னமரவடித் தமிழர் 1984 டிசம்பரில் தாக்கப்பட்டு ஊரைவிட்டு ஓடினர். கால் நூற்றாண்டுக்குப் பின்னரே திரும்பத் தொடங்கினர். திரியாய் 1985இல் எரிக்கப்பட்டது. முஸ்லிம் குடும்பங்களின் நினைவில் 1990 ஓகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் புலிகளால் சுட்டுக்கொல்லப்பட்டதும், அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டதும், 2006இல் மூதூர் காலியானதும் இருக்கின்றன. சிங்கள மாணவர் 1987 ஜூன் 2இல் அரந்தலாவையில் வெட்டப்பட்ட இளம் பிக்குகளை அறிவர். ஒவ்வொரு சமூகத்துக்கும் தன் இறந்தோரை நினைவுகூரத் தனித்தனி முகநூல் பக்கங்களும் வட்ஸ்அப் குழுக்களும் உண்டு. அவை ஒன்றையொன்று சந்திப்பதில்லை. பாடசாலைகளும் மொழியாலும் மதத்தாலும் பிரிந்தே இருப்பதால் வகுப்பறையும் அந்தப் பிரிவையே தொடர்கிறது. தரம் 11 வரலாற்றுப் பாடநூலில் உலகப் போர்களுக்கு ஓர் அலகு உண்டு. நம் போருக்கு இல்லை. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தைத் தாக்கியதும், சீனக்குடா எண்ணெய்த் தாங்கியொன்று எரிந்ததும் இம்மாவட்டத்தில் பலருக்குத் தெரியும். அதே ஆண்டின் தொடக்கத்தில், ஜனவரி 20இல், பேர்லினின் வான்சே ஏரிக்கரை மாளிகையில் பதினைந்து அதிகாரிகள் கூடி ஒரு கொலைத் திட்டத்தின் நிர்வாக ஒழுங்கைப் பேசினர் என்பது இவ்விரண்டோடும் சேர்த்துச் சொல்லப்படுவதில்லை.

இதற்கிடையே ஹிட்லரைத் தமிழ்ச் சமூக ஊடகம் மாணவருக்கு ஏற்கெனவே கற்பித்துக்கொண்டிருக்கிறது. 2022 ஜூலையில் யுனெஸ்கோ வெளியிட்ட ஆய்வு, டெலிகிராமில் இனப்படுகொலை குறித்த பொதுப் பதிவுகளில் 49 வீதம் அதை மறுத்தன அல்லது திரித்தன என்றது. டுவிட்டரில் 19, டிக்டொக்கில் 17, முகநூலில் 8, இன்ஸ்டகிராமில் 3 வீதம். ஆராயப்பட்டவை ஐரோப்பிய மொழிப் பதிவுகள். தமிழில் நோய் வேறு வகையானது. இங்கே மறுப்பை விட வியப்பே மிகுதி. ‘ஹிட்லரின் தன்னம்பிக்கை வரிகள்’ என்று எவரோ கட்டிவிட்ட வாக்கியங்கள் படத்தோடு வலம்வருகின்றன. 1942 மே மாதம் சுபாஷ் சந்திரபோஸ் அவரைச் சந்தித்ததும், செண்பகராமன் பிள்ளை அவரை மன்னிப்புக் கேட்கவைத்தார் என்ற செவிவழிக் கதையும் பெருமிதத்தோடு பகிரப்படுகின்றன. அறுபது இலட்சம் யூதர் கொல்லப்பட்டதை இப்பதிவுகள் மறுப்பதில்லை. அதை ஒரு பொருட்டாக எடுப்பதில்லை, அவ்வளவுதான். தமிழில் இயங்கும் ஆசிரியர் மேலைநாட்டுப் பாடத்திட்டத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் இல்லாத எதிரியோடு போராடுவார்.

இனி, இக்கட்டுரை முன்வைக்கும் மாற்று. சமூக ஊடகத்தை இனப்படுகொலையை ஏற்றிச்செல்லும் வாகனமாக எண்ணுவதை விட்டுவிட்டு, அதையே பாடத்தின் சான்றுப் பொருளாக மேசையில் வைக்கலாம். நாஸி ஜேர்மனியிலேயே அதற்கு ஒரு முன்னோடி உண்டு. யூலியஸ் ஸ்ட்ரைக்கர் 1923இல் தொடங்கிய ‘டெர் ஸ்டூர்மர்’ வாரப் பத்திரிகை தெருமுனைகளில் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் காட்சிக்கு வைக்கப்பட்டது. காசு கொடுத்து வாங்காதவரும் நின்று வாசித்தனர். அதன் உயிர் வாசகர் கடிதங்களில் இருந்தது. யூதக் கடையில் சாமான் வாங்கும் அயலவர் யார், யூத நண்பரோடு பழகுபவர் யார் என்று சாதாரண மக்கள் பெயர் குறிப்பிட்டு எழுதினர், பத்திரிகை அச்சிட்டது. ஸ்ட்ரைக்கர் தன் கையால் எவரையும் கொன்றார் என்று நூரெம்பேர்க் தீர்ப்பாயம் சொல்லவில்லை. தூண்டியதற்காகவே 1946 ஒக்டோபர் 16இல் தூக்கிலிடப்பட்டார்.

இதை அம்பாறையோடு சேர்த்து வாசிக்க வேண்டும். 2018 பெப்ரவரி இறுதியில் அந்நகரின் முஸ்லிம் உணவகமொன்றில், சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலந்ததாகக் கூட்டத்தினர் குற்றஞ்சாட்டினர். சிங்களம் சரியாக விளங்காத ஊழியர் மிரட்சியில் தலையாட்டியது காணொளியாகப் பரவியது. அது மாவுக் கட்டி என்று பின்னர் பரிசோதனை சொன்னது. அதற்குள் பள்ளிவாசல் தாக்கப்பட்டிருந்தது. மார்ச் தொடக்கத்தில் கண்டி மாவட்டத்தின் திகன எரிந்தது. 7ஆம் திகதி அரசாங்கம் முகநூலையும் வட்ஸ்அப்பையும் முடக்கியது. தன் தளம் அந்த வன்முறைக்குப் பயன்பட்டதற்காக முகநூல் நிறுவனம் 2020 மே மாதம் மன்னிப்புக் கேட்டது. ஸ்டூர்மரின் கடிதப் பத்தியையும் அம்பாறைக் காணொளியையும் அருகருகே வைத்தால், ‘நான் என்ன செய்தேன், வந்ததை அனுப்பினேன்’ என்ற பேச்சின் வயது மாணவருக்குப் புரியும். திகனவில் பாதிக்கப்பட்டோர் முஸ்லிம்கள் என்பதால் குச்சவெளிப் பிரிவின் முஸ்லிம் ஊரான புல்மோட்டையின் மாணவருக்கு இது எளிதில் ஒட்டும். தமிழ் மாணவருக்குக் கடினமான கேள்வி வேறு: 1990இல் நம்முடைய தெருமுனையில் என்ன ஒட்டப்பட்டிருந்தது, யார் வாசித்துவிட்டுப் பேசாமல் போனார்? அதற்கும் அதே வகுப்பில் இடம் வேண்டும்.

இவ்வழியைத் திறந்துவிட்டவர் இலங்கையிலேயே வாழ்ந்தார். அன் ரணசிங்க 1925இல் ஜேர்மனியின் எஸ்ஸன் நகரில் அனலீஸ் கட்ஸ் என்ற பெயரில் பிறந்தார். 1938 நவம்பரில் அந்நகர் யூத ஆலயம் எரிந்ததைக் கண்டார், சில வாரங்களில் தனியே இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார், பெற்றோர் கொல்லப்பட்டனர். இலங்கை மருத்துவரை மணந்து 1950களில் கொழும்புக்கு வந்தவர், 2016இல் இறக்கும்வரை இங்கேயே இருந்து ஆங்கிலத்தில் கவிதை எழுதினார். தமிழருக்கு எதிரான வன்முறை பற்றிய ‘ஜூலை 1983’ என்ற கவிதையில் அவர் செய்த காரியம் அசாதாரணமானது. எஸ்ஸனில் வேட்டையாடப்பட்டவர் கொழும்பில் வேட்டையாடப்படாதவரின் பக்கத்தில் நின்றார். பார்த்துக்கொண்டு நின்றவர்களைப் பற்றிச் சிறுவயது முதல் கேட்டுவந்த கேள்வியைத் தன்னை நோக்கித் திருப்பினார். ஒரே ஆள் ஒரு நாட்டில் பலியாகவும் இன்னொரு நாட்டில் பார்வையாளராகவும் இருக்க முடியும் என்பதற்கு இதைவிட வலுவான சான்று நம் பாடசாலைக்குக் கிடைக்காது. அவரைத் தமிழில் நாம் போதியளவு பேசவில்லை. அது நம் புலமைச் சூழலின் சோம்பல் என்றே கருதுகிறேன்.

படங்களை இன்னும் நிதானமாகப் பார்க்க வேண்டும். இனப்படுகொலை பற்றி இணையத்தில் சுற்றும் படங்களில் பெரும்பகுதி கொலையாளிகளின் கமராவில் பிடிபட்டவை. 1944 மே, ஜூன் மாதங்களில் ஹங்கேரிய யூதர் அவுஷ்விட்ஸில் இறங்கும் காட்சிகளை எஸ்எஸ் படையினர் எடுத்து ஓர் அல்பமாகத் தொகுத்தனர். டோரா முகாம் விடுவிக்கப்பட்டபோது அதைக் கண்டெடுத்த லிலி யாக்கோப் தன் உறவினரையே அதில் பார்த்தார். 1944 ஓகஸ்டில், அவுஷ்விட்ஸில் பிணங்களை எரிக்கக் கட்டாயப்படுத்தப்பட்ட கைதிகள் நான்கு படங்களை இரகசியமாக எடுத்தனர். எடுத்தவர் கிரேக்க யூதரான அல்பேர்ட்டோ எரேரா எனக் கருதப்படுகிறது. படச்சுருள் பற்பசைக் குழாய்க்குள் வைத்துக் கிராக்கோவுக்குக் கடத்தப்பட்டது. பின்னாளில் அவற்றை வெளியிட்டோர் ‘தெளிவுக்காக’ ஓரங்களை வெட்டினர். வெட்டப்பட்டது வெறும் இருட்டல்ல. படமெடுத்தவர் ஒளிந்து நின்ற வாயிலின் நிழல் அது. அந்த நிழல் இருந்தால்தான் எவ்வளவு ஆபத்தில் அது எடுக்கப்பட்டது என்பது தெரியும்.

திருகோணமலைக்கு இந்தப் பாடம் அந்நியமானதல்ல. 2006 ஜனவரி 2 மாலை நகரக் கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர் கொல்லப்பட்டனர். அவர்கள் கொண்டுவந்த கைக்குண்டே வெடித்ததாக முதலில் சொல்லப்பட்டது. ‘சுடர் ஒளி’ செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்கள் துப்பாக்கிச் சூட்டுக் காயங்களைக் காட்டின. அதே மாதம் 24ஆம் திகதி அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். குற்றஞ்சாட்டப்பட்ட பதின்மூன்று விசேட அதிரடிப்படையினரும் 2019 ஜூலையில் போதிய சான்றில்லை என்று விடுவிக்கப்பட்டனர். படம் மறுப்பை உடைத்தது. நீதிமன்றத்தில் அது மட்டும் போதவில்லை. மறுபக்கத்தில், 2025இல் அவுஷ்விட்ஸ் நினைவகம் ஒரு புதுத் தொல்லையை எச்சரித்தது: செயற்கை நுண்ணறிவால் ஆக்கப்பட்ட, ஒருபோதும் வாழாத ‘பலிகளின்’ முகங்களை முகநூல் பக்கங்கள் விருப்பக்குறிக்காகப் பரப்பின. பொய்யான ஒரு முகம் மெய்யான பத்து இலட்சம் முகங்களையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கும். நம் போரின் படங்களுக்கும் இதே கதி நேரலாம் என்பதால், ஒரு படத்தின் மூலத்தைத் தேடிப்பிடிக்கும் பயிற்சியைக் குச்சவெளி மாணவர் அவுஷ்விட்ஸில் தொடங்கித் தம் கடற்கரைக்குக் கொண்டுவரலாம்.

ஆசிரியரை நோக்கி முதல் நாளே ஒரு கேள்வி எழும்: காஸா எரியும்போது யூதரின் துயரம் நமக்கு எதற்கு? இக்கேள்வியை அடக்கினால் பாடம் அங்கேயே முடிந்துவிடும். இனப்படுகொலையைக் கற்பது எந்த அரசுக்கும் வக்காலத்து வாங்குவதல்ல. 1948 டிசம்பர் 9இல் ஐ.நா. நிறைவேற்றிய இனப்படுகொலைச் சமவாயத்துக்காகப் போராடியவர் ரஃபாயெல் லெம்கின், தன் குடும்பத்தினரில் பெரும்பாலோரை நாஸிகளிடம் இழந்த போலந்து யூதச் சட்டத்தரணி. 2023 டிசம்பர் 29இல் தென்னாபிரிக்கா இஸ்ரேலுக்கு எதிராகச் சர்வதேச நீதிமன்றத்துக்குக் கொண்டுசென்றது அந்தச் சமவாயத்தைத்தான். 2015 பெப்ரவரி 10இல் வடமாகாண சபை தன் இனப்படுகொலைத் தீர்மானத்தை அமைத்ததும் அதே சட்டக் கருத்தின் மேல்தான். தமிழ் மாணவரும் முஸ்லிம் மாணவரும் நாள்தோறும் எடுத்தாளும் குற்றச்சாட்டின் அளவுகோல் எந்த ஆவணங்களிலிருந்து உருவானது என்று காட்டுவது அவர்களுடைய கோபத்தைக் குறைக்காது, கூர்மையாக்கும்.

மாணவர் தாமே பதிவிட வேண்டும் என்ற மேலைநாட்டு முறையை இங்கே ஏற்க முடியாது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் முகநூல் பதிவுக்காகத் தமிழ் இளைஞர் கைதாகியிருக்கின்றனர். பேனாவாலும் விசைப்பலகையாலும் போராடுவோம் என்று முகநூலில் எழுதிய ரம்ஸி ராசிக் 2020 ஏப்ரலில் கைதாகி மாதக்கணக்கில் சிறையிருந்தார். அவருடைய உரிமை மீறப்பட்டதாக 2023இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்தது. அதே ஆண்டு மே மாதம் இம்மாவட்டத்தின் சம்பூரில் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சியதற்காகப் பெண்கள் கைதாயினர். பதினாறு வயதுப் பிள்ளையின் கணக்கை வீட்டுப்பாடத்தின் பெயரால் இந்தச் சூழலில் திறந்துவிடுவது பொறுப்பற்ற செயல். ஆகவே பதிவுகள் இறக்கி அச்சிடப்பட்டு வகுப்புக்கு வர வேண்டும். கைத்தொலைபேசி பையிலேயே இருக்கலாம். ஒவ்வொரு தாளிலும் மூன்று கேள்விகள் போதும்: முதலில் இட்டவர் யார், ஓரத்தில் வெட்டப்பட்டது எது, பகிர்ந்தவருக்குப் பாதிக்கப்பட்டவர் என்ன முறை? முதல் இரண்டுக்கும் இணையத்தில் தேடி விடை காணலாம். மூன்றாவதற்குத் திரியாய் மாணவரும் புல்மோட்டை மாணவரும் ஒரே அறையில் இருந்தாக வேண்டும். பாடசாலைகள் பிரிந்திருக்கும்வரை அந்த அறையை ஏற்பாடு செய்வது வலயக் கல்வி அலுவலகத்தின் வேலை.