‘ஒண்ணுமில்ல’ன்னு சொல்ற குழந்தைகிட்ட ஒரு கிரேயான் கொடுத்துப் பாருங்க!

“ஏன்டா மூஞ்சி வாடியிருக்கு?”

“ஒண்ணுமில்ல.”

அக்கா பையனோ, பக்கத்து வீட்டுப் பொண்ணோ, யாரைக் கேட்டாலும் இதே பதில்தான். மறைக்கிறார்கள் என்று நினைக்கிறோம். பல நேரம் அதைச் சொல்ல அவர்களிடம் வார்த்தையே இருக்காது. பயம், பொறாமை, அவமானம் எல்லாமே ‘வயித்து வலி’யாகத்தான் வெளியே வரும். மனநலப் பிரச்னைகளில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள் தொடங்கிவிடுகின்றன என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதனால், மனசைப் பற்றிய பாடத்தை காலேஜ் வரை தள்ளிப்போட முடியாது.

வார்த்தை வராத இடத்தில் வண்ணம் வரும். இது ரீல்ஸ் டிரெண்ட் இல்லை, இதற்குப் பின்னால் கனமான வரலாறு இருக்கிறது.

வியன்னாவில் பிறந்த யூத ஓவியர் ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ். 1942 டிசம்பரில் நாஜிக்கள் அவரை தெரேசின் முகாமுக்கு அனுப்பினார்கள். அங்கே பெற்றோரைப் பிரிந்திருந்த குழந்தைகளைக் கூட்டமாக உட்காரவைத்து வரையச் சொல்லித்தந்தார். பேப்பர் தட்டுப்பாடு. பயன்படுத்திய அலுவலகப் படிவங்களைக்கூட கிழித்து ஒட்டி கொலாஜ் செய்தார்கள். அவர்களை ஓவியர்கள் ஆக்குவது அவர் நோக்கமே இல்லை. 1944 அக்டோபரில் ஆஷ்விட்ஸில் அவர் கொல்லப்பட்டார். அந்தக் குழந்தைகளிலும் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. இரண்டு சூட்கேஸ்களில் மறைத்துவைக்கப்பட்ட சுமார் 4,500 படங்கள் மட்டும் தப்பின. இன்று அவை பிராக் யூத அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. முன்பு அவரிடம் படித்த ஈடித் கிரேமர், 1938-ல் நியூயார்க் போய், குழந்தைகளுக்கான ஆர்ட் தெரபியின் முன்னோடிகளில் ஒருவரானார்.

சரி, நம்ம வீட்டில் என்ன செய்யலாம்?

அபார்ட்மென்ட் பசங்க அஞ்சாறு பேர் சேர்ந்தால் போதும். “இன்னிக்கு உன் மனசுல என்ன வானிலை?” என்று கேட்டு வரையச் சொல்லுங்கள். வெயில், மூட்டம், இடி எதுவாகவும் இருக்கட்டும். ஒருத்தன் “கணக்கு பேப்பர் கொடுக்குற அன்னிக்கு எனக்கு இடி”ன்னு சொன்னதும், “எனக்கும்தான்”னு இன்னொரு குரல் வரும் பாருங்க, கூட்டமாகச் செய்வதே அதுக்காகத்தான். தனக்கு மட்டும் இல்லை என்று தெரிவதே பெரிய ஆறுதல். பேச இஷ்டமில்லாதவர் ‘பாஸ்’ சொல்லலாம், கட்டாயம் வேண்டாம்.

கொஞ்சம் பெரிய பசங்க என்றால், பெரிய சார்ட்டில் ஓர் ஆள் உருவத்தின் வெளிக்கோடு. கோபம் வந்தா உடம்புல எங்கே தெரியுது, பயம் எங்கே என்று வண்ணம் தீட்டச் சொல்லுங்கள். கை, தொண்டை, வயிறு என்று ஆளுக்கொரு இடம் காட்டுவார்கள். வயித்து வலியின் ரகசியம் இங்கே பாதி வெளிவந்துவிடும்.

பெரியவர்கள் சொதப்புவது இதற்குப் பிறகுதான். “சூப்பர்!” என்று பாராட்டினால், அடுத்த படம் உங்கள் பாராட்டுக்காக மட்டுமே வரும். பரிசு, போட்டி வைத்தால் கதை முடிந்தது. கறுப்பு கலர் அடித்தால் மனச்சோர்வு என்று துப்பறியவும் வேண்டாம். மத்த கிரேயான் உடைஞ்சிருக்கலாம்! “இதுல என்ன நடக்குது, சொல்றியா?” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வது நல்லது. முக்கியமாக, அந்தப் படத்தை ஸ்டேட்டஸில் வைக்காதீர்கள். குழந்தை உங்களிடம் மட்டும் சொன்னது அது.

இதெல்லாம் பேச்சைத் தொடங்க உதவும், சிகிச்சை ஆகாது. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் கெட்டு, ஸ்கூலுக்குப் போக மறுத்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். டெலி மானஸ் எண் 14416-ல் தமிழிலேயே பேசலாம். யாரோ தன்னைத் துன்புறுத்துவதாகக் குழந்தை வரைந்தாலோ சொன்னாலோ, குறுக்கு விசாரணை வேண்டாம். “சொன்னது நல்லது”ன்னு மட்டும் சொல்லிவிட்டு, உடனே 1098-க்கு அழையுங்கள். எந்த நேரமும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை.