ரொறன்ரோவில் மரக்கறித் தோட்டம்

ரொறன்ரோவில் மரக்கறித் தோட்டம் என்பது கனடாவின் ஒன்ராறியோ மாகாணத் தலைநகரான ரொறன்ரோவில் வீட்டு வளவுகளிலும், மாடி முகப்புகளிலும், நகராட்சியின் பங்குத் தோட்டங்களிலும் மேற்கொள்ளப்படும் சிறு அளவிலான பயிர்ச்செய்கையைக் குறிக்கும். இந்நகரின் கோடை பல வெப்பவலயப் பயிர்களுக்கும் போதிய வெப்பம் உடையது. எனவே இங்கு பயிர்ச்செய்கையின் எல்லையை வகுப்பது கோடையின் வெப்பக் குறைவு அன்று. இளவேனிலின் கடைசி உறைபனிக்கும் இலையுதிர் காலத்தின் முதல் உறைபனிக்கும் இடைப்பட்ட காலத்தின் குறுக்கமே ஆகும்.

காலநிலை

ரொறன்ரோ ஒன்ராறியோ ஏரியின் வடமேற்குக் கரையில், ஏறத்தாழ 43.7° வட அகலாங்கில் அமைந்துள்ளது. நகர மையத்தின் சராசரி வெப்பநிலை சனவரியில் ஏறத்தாழ -4 °செ ஆகவும் சூலையில் ஏறத்தாழ 22 °செ ஆகவும் உள்ளது. ஆண்டு மழைவீழ்ச்சி (பனிப்பொழிவு உட்பட) ஏறத்தாழ 800 மில்லிமீற்றர். இது ஆண்டு முழுவதும் ஓரளவு சீராகப் பரவியுள்ளது. தனியான மழைக்காலமோ வறட்சிக் காலமோ இல்லை. எனினும் கோடையில் ஆவியாதல் மிகுதியாதலால் சூலை, ஆகத்து மாதங்களில் நீர் பாய்ச்சுதல் தேவைப்படும்.

பகற்பொழுதின் நீளம் பருவத்துக்குப் பருவம் பெரிதும் மாறுபடும். சூன் மாத இறுதியில் பகல் 15 மணி நேரத்துக்கும் மேலாக நீளும். திசம்பர் இறுதியில் அது 9 மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு.

உறைபனி

இலைகளின் மேற்பரப்பு வெப்பநிலை 0 °செ அல்லது அதற்குக் கீழே செல்லும்போது உறைபனி உண்டாகிறது. முகிலற்ற, காற்றற்ற இரவுகளில் நிலம் தன் வெப்பத்தை விரைவாக இழப்பதால் இதற்கான வாய்ப்பு மிகுதி. தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டி, பூசணி முதலியவற்றின் கலங்களிலுள்ள நீர் உறைந்து கலங்கள் சிதைவதால், ஒரே இரவில் முழுப் பயிரும் கருகி அழியக்கூடும்.

உறைபனி நாள் நகரெங்கும் ஒரே நாளாக அமைவதில்லை. ஏரி மெதுவாகவே குளிர்வதால் கரையோரப் பகுதிகளில் இலையுதிர் கால உறைபனி பிந்தி வருகிறது. கட்டடங்கள் செறிந்த நகர மையமும் இரவில் வெப்பத்தைத் தக்க வைக்கிறது. மாறாக, வடக்குப் பகுதிகளிலும், குளிர்ந்த காற்று இறங்கித் தேங்கும் டொன், ஹம்பர் ஆற்றுப் பள்ளத்தாக்குகளிலும் உறைபனி முந்தி வருகிறது.

மே 25-க்கு முன்வரும் திங்கட்கிழமையான விக்டோரியா நாளை ஒட்டிய வார இறுதியே, குளிர் தாங்காத நாற்றுக்களை வெளியே நடுவதற்கு மரபாகக் கொள்ளப்படும் காலமாகும்.

பயிர்ப் பருவங்கள்

* மார்ச்: தக்காளி, கத்தரி, மிளகாய் விதைகள் வீட்டுக்குள் தட்டுக்களில் இடப்படுகின்றன.
* ஏப்ரல்: மண் கிளறக்கூடிய நிலையை அடைந்ததும் பட்டாணி, முள்ளங்கி, லெட்டூஸ், பசலை முதலிய குளிர் தாங்கும் பயிர்கள் நேரடியாக விதைக்கப்படுகின்றன.
* மே: வீட்டுக்குள் வளர்ந்த நாற்றுக்கள் நாள்தோறும் சிறிது நேரம் வெளியே வைக்கப்பட்டு வெயிலுக்கும் காற்றுக்கும் பழக்கப்படுகின்றன. மாத இறுதியில் அவை நிலத்தில் நடப்படுகின்றன.
* சூன்: மண் நன்கு சூடேறிய பின்னர் வெண்டியும் பாகல், புடோல் போன்ற கொடிகளும் நடப்படுகின்றன.
* சூலை – செப்டெம்பர்: முதன்மை அறுவடைக் காலம்.
* அக்டோபர்: உறைபனிக்கு முன் காய்த் தக்காளிகள் பறிக்கப்பட்டு வீட்டுக்குள் பழுக்க விடப்படுகின்றன. அடுத்த ஆண்டுக்கான உள்ளி (வெள்ளைப்பூண்டு) நடப்படுகிறது.

உள்ளி குளிர்காலத்தைப் பகையாக அன்றித் தேவையாகக் கொண்ட பயிர். நீண்ட குளிருக்கு உட்பட்ட பின்னரே அதன் பூண்டு பல பற்களாகப் பிரிந்து விளைகிறது. வைக்கோல் மூடாக்கும் அதன்மேல் படியும் பனியும் நிலத்தைக் கடுங்குளிரிலிருந்து காக்கின்றன. சூலையில் அறுவடை செய்யப்படுகிறது. பரட்டைக்கீரையும் உறைபனியைத் தாங்குவதுடன், குளிரில் அதன் இலைகளில் சர்க்கரை மிகுவதால் சுவையும் கூடுகிறது.

பகல் நீளத்தின் தாக்கம்

வெப்பநிலை மட்டுமன்றிப் பகல் நீளமும் விளைச்சலைத் தீர்மானிக்கிறது. நீண்ட பகலில் பசலை விரைந்து பூத்து, இலை கசந்துவிடும். அதனால் அது இளவேனிலிலும் இலையுதிர் காலத்திலுமே பயிரிடப்படுகிறது. சிறகவரையும் அவரையின் மரபான வகைகள் பலவும் இதற்கு எதிர்மாறானவை. பகல் குறுகினால் மட்டுமே இவை பூக்கும். ரொறன்ரோவில் இவை சூன், சூலை மாதங்களில் செழித்துப் படர்ந்தாலும், பூக்கத் தொடங்கும்போது செப்டெம்பர் வந்துவிடும். காய் முற்றுமுன் உறைபனி கொடியை அழித்துவிடும். எனவே பகல் நீளத்தைச் சாராது பூக்கும் வகைகளின் விதையைத் தெரிந்தெடுப்பது இன்றியமையாதது.

தமிழர் தோட்டங்கள்

1983-க்குப் பின்னர் இலங்கையிலிருந்து புலம்பெயர்ந்த தமிழர் பெருந்தொகையாக ரொறன்ரோப் பெரும்பாகத்தில், குறிப்பாக ஸ்காபரோவில் குடியேறினர். இவர்களது வீட்டு வளவுகளில் கத்தரி, மிளகாய், பாகல், புடோல், பயற்றை, தண்டுக்கீரை ஆகியவை கோடைப் பயிர்களாக இடம்பெறுகின்றன. பல்லாண்டுத் தாவரங்களான கறிவேப்பிலையும் முருங்கையும் குளிர்காலத்தில் வெளியே உயிர் பிழைப்பதில்லை. ஆதலால் அவை சாடிகளில் வளர்க்கப்பட்டு, இரவு வெப்பநிலை 10 °செ அளவுக்கு இறங்கும்போது வீட்டுக்குள் எடுக்கப்படுகின்றன. இலையுதிர்த்து ஓய்வு கொள்ளும் அக்காலத்தில் அளவுக்கு மிஞ்சி நீர் ஊற்றினால் வேர் அழுகிவிடும்.

நோயும் பூச்சியும்

அழகுத் தேவைகளுக்காகப் பூச்சிகொல்லிகளைப் பயன்படுத்துவதை ஒன்ராறியோ மாகாணம் 2009 ஏப்ரலில் தடை செய்தது. இதன்பின் பயிர்ச் சுழற்சி, வலை மூடல், பூச்சிகளைக் கையால் அகற்றல் போன்ற முறைகள் கூடுதல் முக்கியத்துவம் பெற்றன. அணில், முயல், ரக்கூன் ஆகியவை காய்களையும் நாற்றுக்களையும் சேதப்படுத்துகின்றன. கறுப்பு வால்நட் மரத்தின் வேர்கள் வெளியிடும் யுக்லோன் என்னும் வேதிப்பொருள் தக்காளியை வாடச் செய்வதால், அம்மரத்தின் அருகே தக்காளி நடுவது தவிர்க்கப்படுகிறது.

காலநிலை மாற்றம்

உறைபனியற்ற காலம் நீண்டு வருகிறது. ஆயினும் இது தோட்டக்காரருக்கு முழு நன்மையாக அமைவதில்லை. 2012 மார்ச்சில் நிலவிய அசாதாரண வெப்பத்தால் ஒன்ராறியோவின் பழ மரங்கள் முன்கூட்டியே பூத்தன. ஏப்ரலில் வந்த உறைபனி அப்பூக்களைக் கருக்கியதில், மாகாணத்தின் அவ்வாண்டு ஆப்பிள் விளைச்சலின் பெரும்பகுதி இழக்கப்பட்டது. மரக்கறித் தோட்டங்களிலும் இதே இடர் உண்டு. இளவேனில் முந்தி வந்தாலும், கடைசி உறைபனி அதே அளவுக்கு முந்தி நீங்கும் என்பதற்கு உறுதி இல்லை. எனவே நடும் நாளை முடிவு செய்வதில், பகலின் வெப்பத்தைவிட வரவிருக்கும் இரவுகளின் தாழ்ந்த வெப்பநிலையே நம்பத்தக்க அளவுகோலாகும்.