இந்தியாவில் லூபஸ் நோயாளிகள் எத்தனை பேர்? 3 பேரை வைத்துப் போடப்படும் கணக்கு

2022 அக்டோபரில் நடிகை சமந்தா தனக்கு மயோசிடிஸ் இருப்பதாக இன்ஸ்டாகிராமில் சொன்னபோது, நம்மில் பலர் அந்தப் பெயரையே முதல்முறையாகக் கேட்டோம். மயோசிடிஸுக்குப் பெரிய குடும்பம் ஒன்று உண்டு. கிருமிகளோடு சண்டை போட வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலம், ஆள் தெரியாமல் நம் உடலின் திசுக்களையே தாக்கத் தொடங்கும் நோய்களின் குடும்பம் அது. மூட்டு, தோல், தசை, ரத்தக்குழாய் எனப் பல இடங்களில் ஒரே நேரத்தில் அடி விழுவதால் மருத்துவர்கள் இவற்றை 'ஆட்டோஇம்யூன் இணைப்புத் திசு நோய்கள்' என்கிறார்கள். முடக்குவாதம், ஸ்க்லெரோடெர்மா, ஷோகிரன் எல்லாம் இதில் அடக்கம்.

இந்தக் குடும்பத்தில் கண்டுபிடிக்கவும் எண்ணவும் மிகச் சிரமமானது லூபஸ். முழுப்பெயர் சிஸ்டமிக் லூபஸ் எரிதிமடோசஸ், சுருக்கமாக எஸ்எல்இ. ஒருவருக்குக் கன்னத்தில் வண்ணத்துப்பூச்சி வடிவத்தில் சிவப்புத் தடிப்பு வரும். இன்னொருவருக்கு விட்டுவிட்டுக் காய்ச்சலும் மூட்டு வலியும் மட்டும். வேறொருவருக்கு வெளியே ஒன்றுமே தெரியாது, ஆனால் உள்ளே சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருக்கும். பாதிக்கப்படுவோரில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். பெரும்பாலோருக்கு 15 முதல் 45 வயதுக்குள் தொடங்குகிறது. படிப்பு, முதல் வேலை, கல்யாணம், குழந்தை என்று எல்லாம் நடக்கும் அதே வருடங்கள்.

சரி, இந்தியாவில் எத்தனை பேருக்கு இது இருக்கிறது? இணையத்தில் தேடிப் பாருங்கள். ஆய்வுக் கட்டுரை, மருத்துவமனை இணையதளம், மருந்து நிறுவனத்தின் கையேடு என எதைத் திறந்தாலும் பெரும்பாலும் ஒரே எண்தான் வரும்: ஒரு லட்சம் பேருக்கு 3.2.

அந்த 3.2 எங்கிருந்து வந்தது?

1993-ல் வெளியான ஒரே ஒரு ஆய்விலிருந்து. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர் ஏ.என்.மாளவியாவும் அவரது குழுவினரும் டெல்லிக்கு அருகே உள்ள கிராமங்களில் வீடு வீடாகப் போய் விசாரித்தார்கள். கிட்டத்தட்ட 92 ஆயிரம் பேரைச் சல்லடை போட்டுத் தேடியதில் உறுதியான லூபஸ் நோயாளிகளாகக் கிடைத்தவர்கள் 3 பேர். 3-ஐ 92 ஆயிரத்தால் வகுத்து லட்சத்தால் பெருக்கினால் அந்த எண் வந்துவிடும்.

அந்த ஆய்வைக் குறை சொல்வது நியாயமாக இருக்காது. செல்போன் இல்லாத காலத்தில் 92 ஆயிரம் பேரை நேரில் சந்திப்பது எவ்வளவு பெரிய வேலை என்று யோசியுங்கள். ஆய்வாளர்களும் தங்கள் எண்ணின் பலவீனத்தை மறைக்கவில்லை. உண்மையான விகிதம் லட்சத்துக்கு 0 முதல் 6.86 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்று அவர்களே எழுதினார்கள். இன்னும் ஒரே ஒரு பெண் கூடுதலாகக் கண்டுபிடிக்கப்பட்டிருந்தால் 3.2 என்பது 4.3-ஐத் தாண்டியிருக்கும். ஆனால் அடுத்த முப்பது ஆண்டுகளில் மேற்கோள் காட்டியவர்கள் பலரும் 0 - 6.86 என்ற வரம்பைக் கழற்றிவிட்டு 3.2-ஐ மட்டும் தூக்கிக்கொண்டார்கள். தரவுகளோடு வேலை செய்கிற யாருக்கும் இந்தக் கதை புதிதாக இருக்காது!

கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம் இருக்கிறது. டெல்லிப் பகுதியில் இதே குழு அதே காலகட்டத்தில் முடக்குவாதத்தையும் கணக்கெடுத்தது. வயது வந்தோரில் 0.75 சதவீதம் என்று வந்தது. மேற்கத்திய நாடுகளின் எண்ணோடு இது ஏறக்குறைய ஒத்துப்போனது. லூபஸ் மட்டும் ஒத்துப்போகவில்லை. என் பார்வையில் காரணம் எளிது. முடக்குவாதம் வந்த கை வீங்கிக் கோணும், வீட்டு வாசலில் நின்று கேட்பவருக்கே தெரியும். லூபஸ் வந்து வந்து போகும். உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனை, சிறுநீர்ப் பரிசோதனை, சில நேரம் திசுப் பரிசோதனைகூட வேண்டும். அன்று நடைமுறையில் இருந்த அமெரிக்க அளவுகோல்படி 11 அடையாளங்களில் குறைந்தது 4 இருந்தால்தான் ஒருவரை லூபஸ் நோயாளி என்று வகைப்படுத்துவார்கள். இரண்டு, மூன்று அடையாளங்களோடு ஆரம்ப நிலையில் இருப்பவர் கணக்கில் வரவே மாட்டார்.

கடல் கடந்தால் 60 மடங்கா?

இப்போது பிரிட்டனுக்கு வருவோம். அங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு குடும்ப மருத்துவர் உண்டு, மருத்துவப் பதிவுகள் கணினியில் இருக்கும். அந்தப் பதிவுகளை வைத்து 2016-ல் வெளியான ஆய்வு ஒன்று, 2012 நிலவரப்படி லட்சத்துக்கு 97 பேருக்கு லூபஸ் இருப்பதாகச் சொன்னது. இனம் பதிவாகியிருந்தவர்களை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்த்தபோது, வெள்ளையரில் லட்சத்துக்குச் சுமார் 135, இந்திய வம்சாவளியினரில் 193, கரீபியக் கறுப்பினத்தவரில் 517.

193-ஐ 3.2-ஆல் வகுத்தால் 60. அதே மரபணு, அதே பாட்டி தாத்தா. விமானம் ஏறினால் நோய் 60 மடங்கு ஆகுமா?

ஆப்பிரிக்காவை வைத்து இந்தக் கேள்வி முன்பே எழுந்திருக்கிறது. அமெரிக்கா, கரீபியத் தீவுகள், பிரிட்டன் ஆகிய இடங்களில் கறுப்பினப் பெண்களிடம் லூபஸ் மிக அதிகம். ஆனால் மேற்கு ஆப்பிரிக்காவில் அது அரிய நோய் என்றே நீண்ட காலம் எழுதப்பட்டது. நைஜீரியாவில் வேலை பார்த்த பிரிட்டிஷ் மருத்துவர் பிரையன் கிரீன்வுட், இதற்கு மலேரியா காரணமாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டார். லூபஸ் போன்ற நோய் தானாகவே வரக்கூடிய எலி வகை ஒன்றை எடுத்து, அவற்றுக்கு மலேரியா ஒட்டுண்ணியைச் செலுத்தினார். அந்த எலிகளுக்கு நோய் வெகுவாகக் குறைந்தது. 1970-ல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு இது. பிற்காலத்தில், லூபஸ் அபாயத்தைக் கூட்டும் மரபணு மாற்றம் ஒன்று மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்பு தருகிறது என்பதும் தெரியவந்தது. ஆகவே சுற்றுச்சூழலுக்கு உண்மையிலேயே பங்கு இருக்கிறது.

ஆனாலும் 60 மடங்கு வித்தியாசத்தைக் கொசுவின் தலையில் கட்ட முடியாது. அதில் பெரும்பங்கு, ஒரு நாடு தன் நோயாளிகளை எப்படித் தேடுகிறது என்பதைப் பொறுத்தது. மீதியில் ஒரு பங்கு, நோயாளிகள் எவ்வளவு காலம் உயிரோடு இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

ஏரியில் எவ்வளவு தண்ணீர்?

இந்த இரண்டாவது விஷயம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. நோய்ப் புள்ளிவிவரத்தில் இரண்டு வெவ்வேறு எண்கள் உண்டு. ஒரு வருடத்தில் புதிதாக எத்தனை பேருக்கு வருகிறது என்பது ஒன்று. இன்றைக்கு மொத்தம் எத்தனை பேர் அந்த நோயோடு வாழ்கிறார்கள் என்பது இன்னொன்று. ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். முதலாவது வாய்க்கால் வழியாக வரும் வரத்து. இரண்டாவது ஏரியில் நிற்கும் தண்ணீர். மதகு வழியாக வெளியேறுவது குறைந்தால், வரத்து கூடாமலே ஏரி நிரம்பும்.

பிரிட்டனில் அதுதான் நடந்தது. 1999-ல் லட்சத்துக்கு 65 ஆக இருந்த மொத்த நோயாளிகள் 2012-ல் 97 ஆனார்கள். அதே காலத்தில் புதிய நோயாளிகளின் விகிதம் ஆண்டுக்கு ஆண்டு லேசாகக் குறைந்துகொண்டுதான் வந்தது. நோயோடு வாழ்பவர்கள் நீண்ட நாள் வாழ்கிறார்கள் என்பதுதான் இதற்குப் பொருள். 1950-களில் லூபஸ் கண்டறியப்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர்தான் ஐந்து ஆண்டுகளைத் தாண்டினார்கள். இன்று நல்ல சிகிச்சை கிடைக்கும் இடங்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தாண்டுகிறார்கள்.

ஆக, ஒரு நாட்டின் லூபஸ் எண் குறைவாக இருந்தால் அது நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்ள முடியாது. இந்திய லூபஸ் நோயாளிகளின் மரணங்களுக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று தொற்று. நோய் எதிர்ப்பு மண்டலத்தை அடக்கத்தான் மருந்து கொடுக்கிறோம், அடக்கினால் காசநோய் போன்றவை உள்ளே வரும். நோயைக் கண்டுபிடிப்பதிலும் குழப்பம் உண்டு. காய்ச்சலும் மூட்டு வலியும் சேர்ந்தால் நம் ஊரில் முதலில் டெங்கு, சிக்குன்குனியா. காய்ச்சலோடு எடை குறைந்தால் டிபி. லூபஸ் என்ற பெயர் வரிசையில் எப்போதும் பின்னால்தான் நிற்கும்.

எண் தெரியாவிட்டால் என்ன நஷ்டம்?

2020 மார்ச் ஞாபகம் இருக்கிறதா? கொரோனாவைத் தடுக்க முன்களப் பணியாளர்கள் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் எடுத்துக்கொள்ளலாம் என்று ஐசிஎம்ஆர் அறிவுரை தந்தது. அடுத்த சில நாட்களிலேயே அதன் ஏற்றுமதிக்குத் தடை வந்தது, மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கட்டுப்பாடும் வந்தது. கொரோனாவுக்கு அது பலன் தராது என்பது பிறகு பெரிய ஆய்வுகளில் தெரிந்தது. ஆனால் லூபஸ் நோயாளிகளுக்கு அது தினசரி மாத்திரை, கர்ப்ப காலத்தில்கூடப் பொதுவாக நிறுத்தாமல் தொடரும் அடிப்படை மருந்து. அந்த வாரங்களில் கடை கடையாக ஏறி இறங்கியவர்கள் அவர்கள்தான்.

இவர்களுக்காக எத்தனை மாத்திரைகளை ஒதுக்கி வைத்திருக்க வேண்டும்? கால்குலேட்டரை எடுங்கள். மக்கள்தொகை 140 கோடி, ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு மாத்திரை என்று வைப்போம். 3.2 என்ற எண்படி நாட்டில் சுமார் 45 ஆயிரம் நோயாளிகள், மாதம் 13 லட்சம் மாத்திரைகள் போதும். 2022-ல் வெளியான உலகளாவிய மதிப்பீடு லட்சத்துக்கு 43.7 என்கிறது. அதைப் போட்டால் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள், மாதம் 1.8 கோடி மாத்திரைகள். இரண்டில் எதை நம்பி ஒரு சுகாதாரச் செயலாளர் கையெழுத்துப் போடுவார்?

இது கொரோனாவோடு முடிகிற பிரச்னையும் இல்லை. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 நிலைகள் பட்டியலிடப்பட்டுள்ளன. நோய் எதிர்ப்பு மண்டலக் கோளாறான மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் அதில் இருக்கிறது. லூபஸ் இல்லை. 45 ஆயிரம் பேரின் கோரிக்கையும் 6 லட்சம் பேரின் கோரிக்கையும் அரசின் காதில் ஒரே மாதிரி விழாது.

புற்றுநோய்க்கு 1981-லேயே ஐசிஎம்ஆர் பதிவேட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. லூபஸுக்கு நடப்பது மருத்துவமனை சார்ந்த முயற்சிகள். நாட்டின் 10 மையங்கள் சேர்ந்து நடத்தும் 'இன்ஸ்பயர்' ஆய்வு 2,500-க்கும் மேற்பட்ட நோயாளிகளைத் தொடர்ந்து கவனிக்கிறது. எந்த உறுப்பு பாதிக்கப்படுகிறது, எந்தச் சிகிச்சை பலன் தருகிறது என்பதற்கு இது தங்கச் சுரங்கம். ஆனால் 'லட்சத்துக்கு எத்தனை' என்ற கேள்விக்கு இதில் பதில் வராது. மருத்துவமனைக்கு வந்தவர்களை எண்ணலாம். வராதவர்கள் எத்தனை பேர் என்பது அங்கே தெரியாதே.

ஏன் பெண்களுக்கே அதிகம்?

ஹார்மோன் என்பது பழைய பதில், அதில் உண்மையும் உண்டு. 2024-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் இன்னொரு பதில் தந்தார்கள். பெண்களுக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள். அதில் ஒன்றை அமைதியாக்க 'எக்ஸிஸ்ட்' என்ற ஆர்என்ஏ மூலக்கூறு பல புரதங்களோடு ஒட்டிக்கொண்டு வேலை செய்கிறது. இந்தக் கூட்டணியையே நோய் எதிர்ப்பு மண்டலம் அந்நியனாகப் பார்க்கத் தொடங்கலாம் என்பதுதான் கண்டுபிடிப்பு. எக்ஸிஸ்ட்டை உருவாக்கும்படி மாற்றப்பட்ட ஆண் எலிகளுக்கு, நோயைத் தூண்டும் ரசாயனம் கொடுத்தபோது பெண் எலிகளுக்கு இணையாக நோய் வந்தது. கூடுதல் எக்ஸ் குரோமோசோமோடு பிறக்கும் ஆண்களுக்கு லூபஸ் அபாயம் மற்ற ஆண்களைவிடச் சுமார் 14 மடங்கு என்பது 2008-லேயே தெரியும்.

இதனால் ஆண்கள் தப்பித்தார்கள் என்று நினைக்க வேண்டாம். கல் உடைக்கும்போது பறக்கும் சிலிக்கா தூசு ஸ்க்லெரோடெர்மா அபாயத்தைக் கூட்டுகிறது. 1914-ல் எடின்பரோவின் கல்தச்சர்களிடமும், 1957-ல் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களிடமும் இது கவனிக்கப்பட்டது. கல் குவாரிகள் நிறைந்த நம் நாட்டில் இதற்கென்றே ஒரு தனிக் கட்டுரை எழுதலாம்.

உங்கள் ரிப்போர்ட்டில் 'ஏஎன்ஏ பாசிட்டிவ்' என்று வந்தால்?

ஃபுல் பாடி செக்கப் பேக்கேஜ்கள் சிலவற்றில் இப்போது ஏஎன்ஏ என்ற ரத்தப் பரிசோதனையும் சேர்ந்து வருகிறது. பாசிட்டிவ் என்று பார்த்ததும் கூகுளைத் திறக்கும் முன் இந்தக் கணக்கைப் பாருங்கள்.

லூபஸ் உள்ளவர்களில் ஏறக்குறைய 98 சதவீதம் பேருக்கு ஏஎன்ஏ பாசிட்டிவ் ஆகவே வரும். ஆனால் 1997-ல் வெளியான பன்னாட்டு ஆய்வின்படி, எந்த நோயும் இல்லாதவர்களில் 1:80 என்ற அளவில் 13 சதவீதம் பேருக்கும், 1:160 அளவில் 5 சதவீதம் பேருக்கும்கூட பாசிட்டிவ் வருகிறது. ஒரு லட்சம் இளம்பெண்களில் 100 பேருக்கு லூபஸ் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எல்லோருக்கும் பரிசோதனை செய்தால், நோய் உள்ள 98 பேரும் நோய் இல்லாத சுமார் 5 ஆயிரம் பேரும் பாசிட்டிவ். அதாவது பாசிட்டிவ் வந்தவர்களில் நூற்றுக்கு 2 பேருக்குத்தான் லூபஸ்! அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கு இந்த டெஸ்ட் தேவையில்லை என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

அறிகுறி இருந்தால் கணக்கு தலைகீழாக மாறும். வெயில் பட்டால் முகத்தில் தடிப்பு, காலையில் எழுந்ததும் விரல் மூட்டுகளில் இறுக்கமும் வீக்கமும், வலியில்லாத வாய்ப்புண், காரணம் தெரியாமல் நீடிக்கும் காய்ச்சல், கொத்துக் கொத்தாக முடி உதிர்வது, காலிலும் முகத்திலும் வீக்கம். இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்தாலோ மாதக்கணக்கில் வந்து வந்து போனாலோ, ருமட்டாலஜிஸ்ட் ஒருவரைப் பார்ப்பது நல்லது. அந்தத் துறை மருத்துவர்கள் பெரும்பாலும் பெருநகரங்களில்தான் இருக்கிறார்கள். முடியாவிட்டால் உங்கள் பொது மருத்துவரிடமே லூபஸாக இருக்குமா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். தடிப்பு தெரியும் நாளில் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள், ஏனென்றால் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கும் நாளில் அது மறைந்திருக்கும். கூடவே சாதாரண சிறுநீர்ப் பரிசோதனை ஒன்றையும் செய்துவிடுங்கள். செலவு அதிகம் ஆகாது. சிறுநீரில் புரதம் போகிறதா என்பது அதில் தெரிந்துவிடும். லூபஸ் சிறுநீரகத்தைத் தொடும்போது பல நேரம் வலியே இருக்காது.