கால் நாளச் சுருட்டு: ஒரு சிகிச்சையின் வரலாறு

நெடுநேரம் நின்று தொழில் புரிவோர் சிலரின் கெண்டைக்காலில் நாளங்கள் நீலமாய்ப் புடைத்து நெளிந்திருப்பதைக் காண்கிறோம். 'நரம்பு சுருட்டிக்கொண்டது' என்பது வீட்டு வழக்கு. உண்மையில் அது நரம்பன்று. இரத்தத்தை இதயத்திற்கு மீட்டுச் செல்லும் சிரை. மேலேறும் இரத்தம் கீழிறங்காமல் காக்கும் சிறு கதவுகள் சிரையினுள் உண்டு. அவை பழுதுபட்டால் இரத்தம் தேங்கும். சிரை வீங்கிச் சுருளும். நாளடைவில் கணுக்காலருகே ஆறாப் புண்ணும் தோன்றலாம்.

இந்நோயினும் இதன் சிகிச்சையே கொடிதாயிருந்த காலம் உண்டு. ரோமானியத் தளபதி மாரியஸ் தம்மைக் கட்டிப்போட விடாமல் ஒரு காலை அறுக்கக் கொடுத்து, முனகாமல் தாங்கினார். மறுகாலை நீட்ட மறுத்துவிட்டார். பெறும் நலம் படும் வேதனைக்கு ஈடாகாது என அவர் கருதியதாகப் புளூட்டார்க் எழுதுகிறார்.

ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்தலூஸில் வாழ்ந்த அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி, 'அத்தஸ்ரீஃப்' என்னும் தம் மருத்துவப் பெருநூலின் முப்பதாம் பகுதியை அறுவை சிகிச்சைக்கே ஒதுக்கினார். இந்நோய்க்கு அரபியில் 'தவாலீ' என்று பெயர். திராட்சைக் கொடியையும் அச்சொல் குறிக்கும். சுமை தூக்குவோர், உழைப்பாளர், வழிநடப்போர் ஆகியோரின் கால்களில் இது மிகுதி என்கிறார் அம்மேதை. தோலைக் கீறி, நாளத்தைத் தூக்கி, இழுத்து அகற்றும் முறையையும் விவரிக்கிறார். 12-ஆம் நூற்றாண்டில் கிரெமோனாவின் ஜெரார்டு அப்பகுதியை இலத்தீனில் பெயர்த்தார். ஐரோப்பிய மருத்துவர்கள் பல நூற்றாண்டுகள் அதைப் பயின்றனர்.

1891-இல் ஜெர்மானியரான டிரெண்டலன்பர்க் தொடையில் சஃபீனஸ் பெருஞ்சிரையைக் கட்டிவிடும் முறையை வெளியிட்டார். 1905 முதல் 1907 வரையில் அமெரிக்கரான கெல்லர், மேயோ, பாப்காக் ஆகியோர் நாளத்தை உருவியெடுக்கும் முறைகளை வகுத்தனர். மயக்கமருந்து வலியை மறைத்தது. எனினும் மருத்துவமனைப் படுக்கையும் பின்னர் நெடிய ஓய்வும் தேவைப்பட்டன. அன்றாடம் உழைத்து உண்போர்க்கு அந்த ஓய்வே பெருஞ்சுமையன்றோ?

பழுதுற்ற சிரையை அகற்றாமல் இருந்த இடத்திலேயே மூடினால் என்ன? இவ்வினாவே அண்மைக்கால மாற்றத்தின் வித்து. அந்தலூஸின் பழம்பெரும் நகரான கிரனடாவில் மருத்துவர் ஹுவான் கப்ரேரா, மருந்தை நுரையாக்கிச் சிரையினுள் செலுத்தும் முறையை 1995-இல் வெளியிட்டார். அடுத்த சில ஆண்டுகளில் லேசரும் ரேடியோ அலையும் வந்தன. அல்ட்ராசவுண்டில் பார்த்தபடியே மெல்லிய இழையொன்றைச் சிரையினுள் நுழைத்து, காலை மட்டும் மரக்கச்செய்து, சூட்டினால் சிரையை மூடுகின்றனர். இரத்தம் நலமான பிற சிரைகளின் வழியே செல்லும். நோயாளர் பெரும்பாலும் அன்றே நடந்து வீடு திரும்புகிறார். 2013-இல் இங்கிலாந்தின் 'நைஸ்' அமைப்பு, பொருத்தமானவர்களுக்கு வெப்பமுறையை முதலாவதாகவும், அது இயலாதபோது நுரைமுறையையும், அதன்பின்னரே அறுவையையும் பரிந்துரைத்தது.

நோக்கம் அன்றும் இன்றும் ஒன்றே. அதற்காக நோயாளர் செலுத்தும் விலைதான் குறைந்துள்ளது. கத்திக்கு அஞ்சியும், வேலை கெடுமென்றும், கால்வலியை மறைத்து நடமாடும் தாய்மாரும் தந்தையரும் நம் இல்லங்களில் இருக்கலாம். புண்ணாகும்வரை பொறுத்திருக்க வேண்டியதில்லை என்று அவர்களுக்கு எடுத்துரைப்பது நம் கடமை.