வாய்க்குள் ஒரு வெள்ளைத் திட்டு



விடியற்காலையில் பிரட்டுக்குப் போகும் முன் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, ஒரு கிள்ளுப் புகையிலை என்று நம் பெரியவர்கள் வாயில் அடக்கிக்கொள்வதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். எங்கள் தோட்டத்தில் ஒரு பாட்டியின் கன்னத்தின் உட்புறம் வெள்ளைத் திட்டு இருந்தது. "வலிக்கவில்லையே" என்று அவர் விட்டுவிட்டார். வலி வந்தபோது நாள் கடந்துவிட்டது.

இந்தத் திட்டை மருத்துவ உலகம் அறிந்த வரலாறு நீண்டது. 1877-இல் புடாபெஸ்ட் நகர மருத்துவர் ஷ்விம்மர் இதற்கு 'லூக்கோபிளாக்கியா' என்று பெயரிட்டார். 1933-இல், அன்று திருவிதாங்கூரிலும் இன்று குமரி மாவட்டத்திலும் உள்ள நெய்யூரில் பணியாற்றிய மருத்துவர் ஓர், வெற்றிலை பாக்கு மெல்லுவோருக்கு வரும் வாய்ப் புற்றுநோயைப் பற்றி 'லான்செட்' இதழில் எழுதினார்.

எல்லாத் திட்டும் புற்றாவதில்லை. எது மாறும் என்பதே கேள்வி. பால் வெட்டுவோருக்குத் தெரியும்: வெட்டிய பட்டை உள்ளடுக்கிலிருந்தே மீண்டும் வளர்கிறது. வாயின் உட்தோலும் அப்படித்தான். அடியடுக்குகளில் உயிரணுக்கள் பிரிந்து பெருகி, மேலே வந்து உதிர்கின்றன. இந்த ஒழுங்கு கெட்டால் மேலடுக்குகளிலும் உயிரணுக்கள் பெருகத் தொடங்கும்.

அந்தப் பெருக்கத்தைக் காட்டும் அடையாளத்தை 1983-இல் ஜெர்மனியின் கீல் நகரில் கெர்டெஸ் குழுவினர் அறிவித்தனர். ஊர்ப் பெயரின் முதலெழுத்துகளையும் சோதனைத் தட்டில் இருந்த குழியின் எண்ணையும் சேர்த்து அதற்குக் 'கீ-67' என்று பெயர் வைத்தனர். பெருகும் உயிரணுவில் இந்தப் புரதம் இருக்கும். ஓய்ந்த உயிரணுவில் இராது. திட்டிலிருந்து சிறு துண்டு எடுத்துச் சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். சாயமேறிய உயிரணுக்கள் மிகுந்து, மேலடுக்கு வரை ஏறியிருந்தால் எச்சரிக்கை. ஆனாலும் இது ஒரு துணைச் சான்றே; இதை மட்டும் வைத்து மருத்துவர் முடிவு செய்வதில்லை.

1993-94-இல் மலேசியா முழுவதும் நடந்த ஆய்வில், புற்றுக்கு முந்திய வாய்க்கோளாறு இந்தியரிடம் மிகுதியாகக் காணப்பட்டது. புகையிலை சேராத வெற்றிலை பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்பதை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்டது.

ஆகவே, இரண்டு வாரத்திற்கு மேல் ஆறாத புண்ணோ, மாறாத வெள்ளை, சிவப்புத் திட்டோ இருந்தால் பல் மருத்துவரிடம் காட்டுவோம். இன்றிரவே கண்ணாடி முன் நின்று வாயைத் திறந்து பார்ப்போம். பாட்டிக்கு நாமே விளக்குப் பிடிப்போம். தாம்பூலத்தின் மரியாதை தட்டில் இருக்கட்டும், வாய்க்கு வேண்டாம்.