சிம்லாவில் ஹக்சார்: வென்றவனுக்கு ஒரு பாடம்

1972 ஜூலை 3-ஆம் தேதி. நான் அப்போது பி.எஸ்ஸி. பௌதிகம் படித்துக்கொண்டிருந்தேன். சிம்லா ஒப்பந்தம் நள்ளிரவுக்குப் பின் கையெழுத்தானது என்று வானொலியில் கேட்டதும் என் தகப்பனார், "ஜெயித்ததையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டார்களே!" என்று அங்கலாய்த்தார். அன்று அவர் கேட்ட கேள்வியை இன்றும் பலர் கேட்கிறார்கள்.

1971 டிசம்பர் யுத்தத்தின் முடிவில் சுமார் 93,000 பேர் நம்மிடம் கைதிகளாக இருந்தனர். மேற்கே 5,000 சதுர மைலுக்கு மேற்பட்ட பாகிஸ்தான் நிலமும் நம் வசம் இருந்தது. சிம்லாவில் நம் தரப்புக்குத் தலைமை தாங்கிய டி.பி. தர் நடுவில் நோய்வாய்ப்பட, பொறுப்பு பி.என். ஹக்சாரிடம் வந்தது. அலகாபாத்தில் வழக்கறிஞராக இருந்து, 1948-ல் வெளியுறவுத் துறையில் சேர்ந்து, 1967 முதல் பிரதமர் இந்திரா காந்தியின் செயலாளராகப் பணியாற்றியவர் அவர்.

ஹக்சார் அங்கே வெர்சாய் உடன்படிக்கையை நினைவூட்டினார் என்று உடனிருந்தோர் பதிவு செய்துள்ளனர். 1919-ல் தோற்ற ஜெர்மனியை வென்றவர்கள் அவமானப்படுத்தினார்கள்; இருபதே ஆண்டுகளில் அதைவிடப் பெரிய யுத்தம் வந்தது. தோற்றவனை மண்டியிட வைத்தால் அவன் பழி வாங்கும் நாளைத்தான் எண்ணிக்கொண்டிருப்பான் என்பது அவர் கருத்து. பூட்டோ வெறுங்கையுடன் திரும்பினால் ராணுவம் மீண்டும் ஆட்சிக்கு வந்துவிடும் என்ற கவலையும் நம் தரப்பில் இருந்தது.

விளைவு என்ன? சர்வதேச எல்லையைத் தாண்டிப் பிடித்த நிலத்தைத் திருப்பிக் கொடுத்தோம். ஆனால் காஷ்மீரில் பிடித்ததைக் கொடுக்கவில்லை. லடாக்கின் துர்துக் கிராமம் இன்றும் நம்மிடம்தான் இருக்கிறது. வங்கதேசத்தின் சம்மதமின்றிக் கைதிகளை விடுவிக்க இயலாததால், அவர்கள் 1973 டெல்லி உடன்படிக்கைக்குப் பிறகே திரும்பத் தொடங்கினர். 1974 ஏப்ரலில் அது முடிவுற்றது.

ஹக்சாரின் கணிப்பு முழுவதும் பலித்ததா? இல்லை. 1977-லேயே ராணுவம் பூட்டோவைக் கவிழ்த்தது. கட்டுப்பாட்டுக் கோட்டையே நாளடைவில் எல்லையாக ஏற்க பூட்டோ வாய்மொழியாக இசைந்தார் என்று சிம்லாவில் இருந்த பி.என். தர் பின்னாளில் எழுதினார். பாகிஸ்தான் அதை மறுத்தது. அரசு அலுவலகத்தில் பணியாற்றிய எவருக்கும் இது தெரிந்த சங்கதிதான்: கோப்பில் ஏறாத வார்த்தை நடக்காத காரியம்.

ஆனால் எழுத்தில் ஏறியது நின்றது. கட்டுப்பாட்டுக் கோட்டை எத்தரப்பும் தன்னிச்சையாக மாற்றக்கூடாது என்ற வாசகமே 1999-ல் கார்கிலில் நமக்குத் துணை நின்றது. அவ்வாண்டு ஜூலை 4 அன்று வாஷிங்டனில் கிளிண்டனும் நவாஸ் ஷெரீபும் விடுத்த கூட்டறிக்கை, சிம்லா ஒப்பந்தப்படி அக்கோடு மீட்கப்பட வேண்டும் என்றது. 2025 ஏப்ரலில், சிந்து நதிநீர் ஒப்பந்தத்தை இந்தியா நிறுத்திவைத்தபோது, சிம்லா உட்பட இருதரப்பு ஒப்பந்தங்களை நிறுத்திவைக்கும் உரிமை தனக்கு உண்டு என்று பாகிஸ்தான் அறிவித்தது. அரை நூற்றாண்டுக்குப் பின்னும் அந்தக் காகிதத்துக்கு மதிப்பு இருப்பதால்தானே இந்தப் பேச்சு!

என் தகப்பனார் இன்று இருந்திருந்தால் இப்படிச் சொல்லியிருப்பேன்: "அப்பா, பெருந்தன்மை காட்டியது தவறில்லை. அதற்கு ஈடாகக் கிடைத்த வாக்கை எழுதி வாங்காததுதான் தவறு."